சரி என்பது சம்மதமல்ல

1

என் வீட்டுக்காரர் குமாரசாமி பராமரிப்பு இல்லத்திலிருந்து வீடு திரும்பி இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. கோபிச்செட்டிபாளையத்துச் சொந்தங்களே, உங்களில் பாதிப் பேருக்கு என் மேல் கோபம் என்பது எனக்குத் தெரியும். "ஊருக்கே வந்துடறோம்" என்று வரிசையாகப் போன் போட்டுச் சொன்னவள் நான்தான். எங்களுக்காக அண்ணன் வீட்டுக் கீழ்த்தளத்துக்கு வெள்ளையடித்தார், குளியலறையில் கைப்பிடி வைத்தார். எல்லாம் முடிந்த பிறகு நாங்கள் போகவில்லை.

கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொன்னேன். ஒருவருக்கு வெயில், ஒருவருக்கு மகளின் வேலை. தங்கமணி அக்காவிடம் ரயிலில் கீழ்ப் படுக்கை கிடைக்கவில்லை என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். அத்தனையும் பொய். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மறந்துபோனவர்களுக்காக முதலில் எங்களைப் பற்றி. அவர் புனேவுக்கு வந்தது கல்யாணத்துக்கு முன்பு, இருபத்து நான்கு வயதில். தேஹு ரோடு ராணுவக் கிடங்கில் சிவிலியன் வேலை. அதற்கு ஐந்து வருடம் கழித்து நான் வந்தேன். பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றேன். ஒரே மகள் கவிதா, இங்கேயே பிறந்து வளர்ந்தவள், ஐ.டி. கம்பெனியில் வேலை. தமிழ் பேசுவாள். "அப்பா சாப்பிட்டுச்சு, இப்போ தூங்குது" என்பாள். "அப்பா என்ன ஆட்டுக்குட்டியா?" என்று சின்ன வயதிலிருந்து திருத்திப் பார்த்துவிட்டேன். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நானே கோபிக்கு வந்தால், "சக்கிக்குப் போயிட்டு வர்றேன்" என்று மாவு மில்லுக்குக் கிளம்புகிறவள்தான்.

2

மழைக்காலத்தில் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். மூளையின் இடது பக்கத்தில் ரத்த அடைப்பு. உயிர் தப்பியது. வலது கையும் காலும் தளர்ந்தன. பேச்சு போயிற்று. இதற்கு அஃபேசியா என்று பெயர் என்றார் டாக்டர். நாக்கில் கோளாறில்லை, காதில் கோளாறில்லை, புத்திகூட அப்படியே இருக்கலாம், நினைப்புக்கும் சொல்லுக்கும் நடுவில்தான் அறுந்திருக்கிறது என்று விளக்கினார். அன்றைக்கு அந்தப் பேச்சில் எனக்குக் காதில் விழுந்தது ஒன்றுதான்: பேச்சு போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து சிஞ்ச்வட் பக்கம் ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றினோம். நடைப் பயிற்சி, கைப் பயிற்சி, செவிலியர் எல்லாம் அங்கே உண்டு. சேர்க்கும் படிவத்தில் தாய்மொழி என்ற இடத்தில் அங்கிருந்த குமாஸ்தா "மதராசி" என்று எழுதினார். நான் கணக்கு டீச்சர், தப்பை விட மாட்டேன். "அப்படி ஒரு பாஷை கிடையாது, தமிழ்" என்றேன். அடித்துவிட்டுப் பொறுமையாகத் "தெலுகு" என்று எழுதினார். மூன்றாவது முறை சரியாக எழுதியபோது கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. அதன் பட்டியலில் தமிழே இல்லை. கடைசியில் என் வீட்டுக்காரரின் தாய்மொழி "இதர" ஆயிற்று.

அவர் என் அத்தை மகன். பிறந்ததிலிருந்து எனக்கு மாமா. இந்த ஊர் வார்டுகளிலோ ஆண் உதவியாளர் எல்லாரும் மாமா, பெண்கள் எல்லாரும் மௌஷி. முதல் நாள் நான், "மாமா, காபி குடிக்கிறீங்களா?" என்று கேட்டேன். வார்டில் மூன்று பேர் சந்தோஷமாகத் திரும்பிப் பார்த்தார்கள். கேட்கப்பட்டவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தாவது நாளோ என்னவோ, அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்தது. "சரி."

நான் அழுதேவிட்டேன். அடுத்த சொல் எப்போது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. தண்ணீர் கேட்க, வலிக்கிறது என்று சொல்ல, விளக்கை அணைக்க, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு "சரி"தான். ஒரு மௌஷி என்னைத் தனியாகக் கூப்பிட்டு இந்தியில் சொன்னாள்: "டீச்சர், பாபாகிட்ட நீங்களே சொல்லுங்க. எதுக்கு எப்பப் பாரு 'சாரி சாரி'ன்னு மன்னிப்புக் கேக்கறாரு? நாங்க யாரும் கோவிச்சுக்கவே இல்ல."

3

இனிமேல் எழுதப்போவது எனக்குப் பெருமை தருவதல்ல.

என் வீட்டுக்காரர் லேசில் எதற்கும் சம்மதிக்கிற ஆள் இல்லை. புடலங்காய் வாங்கினால் ஏன் பீர்க்கங்காய் வாங்கவில்லை என்று கேட்பவர். அப்படிப்பட்டவர் இப்போது எதைக் கேட்டாலும் "சரி" என்றார். முப்பத்தைந்து வருடத்தில் கிடைக்காத சம்மதமெல்லாம் எனக்கு ஒரே மாதத்தில் கிடைத்தது.

"மாமா, கஞ்சி குடிக்கறப்ப மீசையில ஒட்டுது. எடுத்துரலாமுங்களா?"

"சரி."

மீசை போயிற்று. கல்யாணத்துக்குப் பிறகு மீசையில்லாமல் நான் அவரைப் பார்த்ததே இல்லை. யாரோ ஒரு பேங்க் அதிகாரியைப் பார்க்க வந்ததுபோல் இருந்தது.

"அந்தக் கிரிக்கெட்டு வேண்டாமுங்க, பக்திப் பாட்டு போடச் சொல்லட்டுங்களா?"

"சரி."

கடைசியில் ஒருநாள் பெரியதையும் கேட்டேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் எங்களுக்குள் நடந்த ஒரே சண்டை அது. "கோபிக்கே போயிரலாமுங்களா மாமா? அண்ணன் கீழ் வீட்டைக் குடுக்கறேங்கறாரு. இனி இங்க நமக்கு என்ன இருக்குது?"

அவர் என் முகத்தையே பார்த்தார். உதடு நெளிந்தது. "சரி" என்றார். பிறகு இன்னும் சத்தமாக, "சரி, சரி, சரி!"

அத்தனை ஆசை அவருக்கும் இருந்திருக்கிறதே என்று உருகிப்போனேன். அன்றைக்கே உங்களுக்கெல்லாம் போன். மறுநாள் அண்ணன் வீட்டில் வெள்ளையடிப்பு. மூன்று வாரம் கழித்துக் கிளம்பும் ரயிலில் ஈரோட்டுக்கு முன்பதிவு.

கவிதா மட்டும் கேட்டாள். "அம்மா, அப்பா பக்கா சொல்லிச்சா? ஏன்னா, அப்பா எல்லாத்துக்கும் சரிதானே சொல்லுது."

"சொல்லிச்சு இல்ல, சொன்னாரு" என்று திருத்தினேன். அவள் கேட்ட கேள்வியை விட்டுவிட்டேன்.

4

இல்லத்திலிருந்து வெளியே அனுப்புவதற்கு ஒரு படிவம் இருந்தது. அதில் ஒரு வரி: நோயாளி தன் விருப்பத்தைத் தெரிவிக்க இயலுமா? சேர்ந்த அன்றே யாரோ "இயலாது" என்பதில் குறி போட்டிருந்தார்கள். அப்படியென்றால் என் கையெழுத்து மட்டும் போதும், எங்கே வேண்டுமானாலும் கூட்டிப் போகலாம். ஆனால் கிளம்பும் முன் பேச்சுப் பயிற்சியாளர் ஒருமுறை சோதித்துப் பார்த்து அதை உறுதி செய்ய வேண்டும் என்றார்கள். சடங்குதானே என்று தலையாட்டினேன்.

வந்தவள் பெயர் அனகா. சாதாரா ஊர்க்காரப் பெண், முப்பது வயது இருக்கும். முதுகில் பெரிய பை. பழைய தாள்களைப் புரட்டினாள். அதற்கு முன் ஒருவர் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பத்து நிமிடம் கேள்வி கேட்டுவிட்டு, "ஒத்துழைக்கிறார், புரியவில்லை" என்று எழுதிப் போயிருந்தார்.

"வீட்டில் என்ன பாஷை?" என்று இந்தியில் கேட்டாள்.

"தமிழ்."

"அப்போ தமிழில்தான் கேட்கணும். நான் சொல்றதை நீங்க தமிழில் சொல்லுங்க. அவ்வளவுதான் சொல்லணும். கண் காட்டக் கூடாது, கை காட்டக் கூடாது, அவருக்குப் பதிலா நீங்க பேசக் கூடாது."

கை காட்டவா? முப்பது வருடம் பரீட்சை ஹாலில் மேற்பார்வை பார்த்தவள் நான். துண்டுச் சீட்டு வைத்திருக்கிறவனைக் கழுத்து அசைவிலேயே கண்டுபிடிப்பேன்.

மேஜையில் ஐந்து பொருள் வைத்தாள்: சாவி, சீப்பு, பேனா, டம்ளர், ஸ்பூன். "சாவி எதுங்க?" என்றேன். இடது கையால் சாவியைத் தொட்டார். சீப்பு, பேனா, டம்ளர், எல்லாம் தொட்டார். பரீட்சையாயிற்றே, சுத்தமான தமிழில் கேட்போம் என்று, "கரண்டி எதுங்க?" என்றேன். அவர் மேஜையை ஒரு சுற்றுப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையை விரித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. என் கண் தானாக ஸ்பூன் பக்கம் போயிற்று.

"டீச்சர்!" என்றாள் அனகா. "காப்பி அடிக்க வைக்கிறீங்க."

காது சுட்டது. பிறகு யோசித்துப் பார்த்தால், தப்பு என்னுடையது. எங்கள் வீட்டில் கரண்டி என்றால் குழம்பு ஊற்றுகிற கரண்டி. இந்தச் சின்ன ஸ்பூனுக்கு இந்த ஊர்ப் பேரான சம்ச்சாதான். முப்பத்தைந்து வருடமாக நானே அப்படித்தான் சொல்கிறேன். கரண்டி மேஜையில் இல்லவே இல்லை, இல்லை என்று அவர் சரியாகத்தான் சொன்னார். இதை அனகாவிடம் ஒப்புக்கொண்டேன். அவள் சிரித்து, "பாருங்க, பரீட்சையில் ஃபெயிலானது கேள்விதான்" என்று குறித்துக்கொண்டாள்.

அடுத்து ஆமாம், இல்லை கேள்விகள்.

"உங்க பேரு குமாரசாமியா?"

"சரி."

"உங்க பேரு பாட்டீலா?"

"சரி."

"நீங்க ஒரு பொம்பளையா?"

"சரி" என்றார், முறைத்துக்கொண்டே.

அனகா பேனாவைக் கீழே வைத்தாள். "இனிமே அவர் வாயைக் கேட்காதீங்க. அந்தச் சொல் தானா வருது, அவர் கூப்பிட்டு வரலை. முகத்தைப் பாருங்க" என்றாள். பையிலிருந்து இரண்டு அட்டை எடுத்தாள். பச்சையில் ஒரு டிக், சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. பச்சை ஆமாம், சிவப்பு இல்லை. அதை அவருக்குப் பழக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு ஒவ்வொரு கேள்வியையும் நேராக ஒரு தடவை, திருப்பி ஒரு தடவை கேட்க வைத்தாள். மழை மேலேயிருந்து விழுகுமா? மழை கீழேயிருந்து மேலே போகுமா? மகள் பேரு கவிதாவா? மகள் பேரு லட்சுமியா? வாய் "சரி" என்றது. கை ஒவ்வொரு முறையும் சரியான அட்டைக்குப் போயிற்று.

ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் தப்பான அட்டையைத் தொட்டார். "உங்க வயசு அறுபத்தஞ்சா?" படிவத்தில் அப்படித்தான் இருந்தது. அவர் சிவப்பைத் தட்டினார். இன்னொரு முறை கேட்டேன். இன்னும் பலமாகத் தட்டினார். அப்புறம்தான் உறைத்தது: அறுபத்தைந்து பள்ளிக்கூடத்துச் சர்ட்டிபிகேட் வயது. என் மாமியார் கணக்குப்படி அறுபத்தாறு.

"இந்த மனுஷனுக்கு எல்லாம் புரியுது" என்றாள் அனகா. அவள் தொடர்ந்தாள்: "இனி நிஜமான கேள்வி ஒண்ணு நீங்களே கேளுங்க."

சுலபமானதாகப் பார்த்துக் கேட்டேன். "மீசையை எடுத்தது உங்களுக்குப் புடிச்சுதுங்களா?"

சிவப்பு அட்டையை எடுத்து என் மடியிலேயே வீசினார். வார்டு மாமா ஒருவர் கதவோரம் நின்று கைதட்டினார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அட்டைகளை அடுக்கி அனகாவிடம் நீட்டினேன். கேட்க வேண்டிய அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை.

அட்டைகளை அவள் திருப்பி வாங்கவில்லை. "இது உங்களுக்குத்தான், டீச்சர்" என்றாள்.

5

நான்கு நாள் கேட்காமல் ஓட்டினேன். டீ வேணுமா, காப்பி வேணுமா, ஜன்னல் திறக்கட்டுமா என்று உலகத்துக் கேள்வியெல்லாம் கேட்டேன். பக்திப் பாட்டுக்குச் சிவப்பு, கிரிக்கெட்டுக்குப் பச்சை. மீசை மறுபடி முளைக்கத் தொடங்கியது. பெட்டி கட்டும் வேலையையும் நான் நிறுத்தவில்லை. எவர்சில்வர் பாத்திரங்களை பேப்பர் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

கவிதா வந்து பார்த்தாள். "அம்மா, நீ அப்பாவைக் கேட்டியா?"

"கேட்டுத்தானே ரயிலுக்குப் பதிவு பண்ணினேன்."

"அது இல்ல. அட்டை வெச்சு." நான் அடுத்த பாத்திரத்தைப் பேப்பரில் சுற்றினேன். அவள் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீ பயப்படறே, இல்லையா? அப்பா இல்லைன்னு சொன்னா?"

"உனக்கென்ன தெரியும்? இத்தனை வருஷம் அவருக்காக இங்க இருந்தேன். இனி எனக்காக அவரு வரக் கூடாதா?"

கத்திவிட்டேன். அவள் தமிழைத் தேடித் தேடிச் சொன்னாள்: "வரலாம், அம்மா. ஆனா அவங்களா வரணும். நீ தூக்கிட்டுப் போனா அது வர்றது இல்ல."

அந்த வாக்கியத்தில் திருத்த எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அனகா சொல்லிக் கொடுத்தபடி சின்ன வாக்கியம், ஒரே விஷயம், கேட்டுவிட்டுக் காத்திருப்பது.

"மாமா. கோபிக்குக் குடி போலாமுங்களா?"

"சரி" என்றது வாய். கை சிவப்புக்குப் போயிற்று.

அட்டைகளை இடம் மாற்றி வைத்தேன். "தேஹு ரோட்டுலயே இருக்கலாமுங்களா?"

பச்சை.

மறுபடி இடம் மாற்றினேன். கோபி? சிவப்பு. இன்னொரு தடவை மாற்றக் கையெடுத்தபோது, அவர் தன் இடது கையை என் கைமேல் வைத்து அழுத்தினார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, பொய் சொல்வானேன். அதற்குப் பின்னால் வந்தது வெட்கம். அன்றைக்கு மூன்று முறை "சரி" என்று கத்தினாரே, அது ஆசையல்ல. வேண்டாம், வேண்டாம், வேண்டாம் என்று கத்தியிருக்கிறார். நான் ஈரோட்டுக்கு டிக்கெட் எடுத்தேன்.

அவருக்கு எதிரிலேயே அண்ணனுக்குப் போன் செய்து வரவில்லை என்றேன். காரணம் கேட்டபோது, டாக்டர் வேண்டாமென்கிறார் என்றேன். முதல் பொய் அது.

அனகா மறுவாரம் வந்து, படிவத்தில் "இயலாது" என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் எழுதினாள்: "விருப்பத்தைத் தெரிவிக்கிறார். கேட்கும் விதத்தில் கேட்க வேண்டும்." எனக்கும் ஒரு பிரதி வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

6

ஏன் வேண்டாமென்றார் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. ஏன் என்ற கேள்விக்கு அட்டை கிடையாது.

வீட்டுக்கு வந்த பிறகு ஷிண்டே வரத் தொடங்கினார். இவரோடு கிடங்கில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். தினமும் நாலரை மணிக்கு வருவார். உடம்பு எப்படி என்று கேட்க மாட்டார். சீட்டுக் கட்டை எடுத்துக் கலைப்பார். இவர் இடது கையால் சீட்டுப் பிடிக்க ஒரு மரக்கட்டையில் கோடு அறுத்துத் தாங்கி செய்து கொண்டுவந்திருந்தார். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் விளையாடுவார்கள். புருவம், விரல், உதட்டுப் பிதுக்கல், திடீரென்று ஒரு சிரிப்பு. நான் அடுப்படியிலிருந்து பார்ப்பேன். என்னோடு அத்தனை நேரம் அவர் பேசியதில்லை.

ஒருநாள் ஷிண்டேயிடம் கேட்டேன். "பாவ்சாஹேப், உங்களுக்கு மட்டும் எப்படி எல்லாம் புரியுது?"

அவர் இந்தியில் சொன்னார். "அண்ணி, இவன் இங்க வந்த முதல் வருஷம் நீங்க பார்த்ததில்லை. இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. மராத்தி கேட்கவே வேண்டாம். ஷெட்டில் நாங்க பதினாலு பேர், ஒருத்தனுக்கும் இவன் பாஷை தெரியாது. டீ வேணும்னா இப்படி, கோபம்னா இப்படி, ஊர் ஞாபகம் வந்தா மூஞ்சியை இப்படி வெச்சுக்குவான். ஒரு வருஷம் இப்படியே ஓட்டினான். எனக்குத் தெரிஞ்சு இவனுக்கு இப்போ புதுசா ஒண்ணும் ஆகலை."

என் வீட்டுக்காரர் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டினார்.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது. மொழி இல்லாமல் பிழைப்பது அவருக்கு இது இரண்டாம் முறை. முதல் முறை அதைக் கற்றுக்கொண்ட இடம் இது. கோபியில் அவர் பேச்சுக்காரர். கல்யாண வீட்டில் நான்கு பேரை உட்கார வைத்துப் பஞ்சாயத்துப் பேசுகிறவர். அங்கே போனால் பேச்சு போனவர் ஆகிவிடுவார். பார்க்க வருகிற ஐம்பது பேரும் அவரைப் பார்த்து அழுது, என்னிடம் விசாரிப்பார்கள். இங்கே ஷிண்டே இவரைச் சீட்டில் ஏமாற்றப் பார்க்கிறார்.

இதை நானாக முடிவு கட்டிவிடக் கூடாது என்று அட்டையை வைத்துக் கேட்டேன். "ஊருல எல்லாரும் பாவம் பாவம்னு சொல்லுவாங்கன்னுதான் வேண்டாங்கறீங்களா?"

கொஞ்சம் யோசித்தார். பச்சையில் கை வைத்தார். பிறகு அப்படியே சிவப்பிலும் வைத்தார். அதுவும் உண்டு, வேறும் உண்டு. அந்த வேறு என்ன என்று இன்னும் எனக்குத் தெரியாது. ஒரு வருடமாகத் தெரிந்துகொண்டு வருகிறேன்.

7

போன மாதம் கோபிக்கு நான் மட்டும் வந்து பத்து நாள் இருந்தேன், பார்த்திருப்பீர்கள். அது என் யோசனையல்ல. எங்களிடம் இப்போது ஒரு போட்டோ நோட்டு இருக்கிறது. அதில் கோபி வீட்டுப் படத்தைக் காட்டினார், என்னைக் காட்டினார், தன்னைக் காட்டி இல்லையென்று தலையை ஆட்டினார், ஷிண்டே படத்தில் விரலை வைத்தார். நீ போய் வா, எனக்கு அவன் இருக்கிறான். கவிதாவும் லீவு போட்டு வந்து இருந்துகொண்டாள்.

அண்ணனிடம் மூன்று நாள் தயங்கிவிட்டு உண்மையைச் சொன்னேன். டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை, மச்சான்தான் வர மாட்டேன் என்றார் என்று.

அண்ணன் வெற்றிலையை மடித்தபடி என்னையே பார்த்தார். "பேச்சே வராதுங்கறயே, எப்படிச் சொன்னாரு?"

"நல்லாத்தான் சொன்னாருங்க, அண்ணா. எனக்குத்தான் கேக்கத் தெரியல."

மடித்த வெற்றிலையைப் பிரித்து மறுபடி மடித்தார். கோபித்துக்கொண்டாரோ என்று பார்த்தேன். பிறகு, "தீபாவளிக்கு நான் அங்க வர்றேன். மச்சான்கிட்ட நானே பேசிக்கறேன். எப்படிக் கேக்கோணும்னு சொல்லிக் குடு" என்றார்.

சொன்னேன். எதிரே உட்காரோணும். சின்னதாக் கேக்கோணும். ஒரு தடவைக்கு ஒண்ணுதான் கேக்கோணும்.

"அப்புறம்?"

"அப்புறம் அவரு சொல்லி முடிக்கற வரைக்கும் வாயை மூடிட்டு இருக்கோணுங்க, அண்ணா."

அண்ணன் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். "அது நம்ம குடும்பத்துல ஒருத்தருக்கும் வராதே, சரசு."

"ஒருத்தி இப்பத்தானுங்க பழகிட்டு இருக்கறா" என்றேன்.